வரப்போரத்திலிருந்து நடுவயலுக்கு

மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று ஒருவர் வந்தால், முதலில் கூட வந்த கூட்டத்தை நகர்த்துங்கள். மனநலப் பிரிவின் வாசலில் ஆயாவாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் சங்கதி இது. வந்திருப்பது இருதயமா பயமா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். அதில் நாம் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆனால் கூட்டத்தை நகர்த்துவது நம் வேலை. அதில் என்னை மிஞ்சக் காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஆள் இருந்ததில்லை. பெருமையடிக்கிறாள் கிழவி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். அதனால் பார்த்தவர்களையெல்லாம் சொல்ல மாட்டேன். ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவளைச் சொன்னால் மற்றவர்களையும் சொன்ன மாதிரி.

பூவம் கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒருத்தி, நல்ல உயரம், நல்ல உடம்பு, முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது. பெயர் மலர்க்கொடி. நடவு ஆட்களுக்குத் தலைவி அவள்தான். எந்த வயலுக்கு எத்தனை பெண்கள், கூலி என்ன, எப்போது இறங்குவது, எல்லாம் அவள் பேச்சு. அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இருதயம் நன்றாக இருக்கிறது என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை அவசரப் பிரிவு வரை வந்து திரும்பியவள்தான்.

ஒருத்தி முந்தானையால் விசிறுகிறாள். ஒருத்தி உள்ளங்காலைத் தேய்க்கிறாள். ஒருத்தி தண்ணீர் தெளிக்கிறாள். அவளுடைய நாத்தனார் சரோஜா, சின்னவள், ஒரு சோடா பாட்டிலை அண்ணியின் வாயில் கவிழ்க்கப் பார்க்கிறாள். இத்தனையும் சேர்ந்தால் நோயில்லாதவளுக்கே மூச்சு முட்டும். நகருங்கள் என்று அதட்டியிருந்தால் ஒருத்தியும் நகர்ந்திருக்க மாட்டாள். எல்லோரும் பாசத்தில் நிற்பவர்கள்.

நான் கேட்டேன், "காலைல யாராவது சாப்பிட்டீங்களா? கேன்டீன்ல பொங்கல் தீரப்போவுது."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நழுவினார்கள். சரோஜா மட்டும் சோடா பாட்டிலோடு நின்றாள். அவளை வாசலில் என் ஸ்டூலில் உட்கார வைத்து, இந்தக் கதவை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள், உன்னை நம்பித்தான் விட்டுப்போகிறேன் என்றேன். அதன் பிறகு டாக்டரையே உள்ளே விட யோசித்தாள்.

உள்ளே எங்கள் சிஸ்டர் இருந்தார். சிஸ்டர் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நான் அந்த வேலையில் கற்றதெல்லாம் அவரிடம்தான். மலர்க்கொடிக்கு எதிரில் அதே உயர நாற்காலியில் உட்கார்ந்தார். கையைப் பிடிக்கவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. உயிர் போகிறது என்று ஒருத்தி சொல்லும்போது ஒன்றுமில்லை என்று சொல்வது அவளைப் பொய்க்காரி ஆக்குவது.

"வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் ஏறும், அப்புறம் எறங்கும். மூச்ச மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்கறத அது பாத்துக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். ஏறியது. பிறகு இறங்கியது. மலர்க்கொடி தன் கையை விரித்து விரித்துப் பார்த்தாள். மரத்துப்போயிருந்த விரலெல்லாம் திரும்பி வந்துவிட்டதாம்.

"என்ன ஊசி சிஸ்டர் போட்டீங்க?"

"ஒண்ணும் போடலியே."

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

அவளுக்கு எப்படி ஆரம்பித்தது என்று அன்றைக்குத்தான் சொன்னாள். தாளடி நடவு, குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போகம். குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் போனவள், இடுப்பை நிமிர்த்தியபோது தலை சுற்றியது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவர்களுக்குச் சுற்றத்தான் செய்யும். அன்றைக்கு அவள் வரப்பு எங்கே என்று பார்த்திருக்கிறாள். நாலு பக்கமும் சேறு, வரப்பு எங்கோ இருந்தது. விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான், நெஞ்சு பிய்த்துக்கொண்டது. மற்ற பெண்கள் ஓடிவந்து அவளைத் தூக்கிக் கரையேற்றினார்கள். அப்போது பிடித்தது.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். குணம் தெரியச் சில வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது, புதுசாக வலியோ மயக்கமோ வந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். மலர்க்கொடியும் ஒழுங்காக வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஒரு தெளிச்சி.

"இந்த வாரம் வரவேயில்ல சிஸ்டர்," என்பாள். எங்களுக்குச் சந்தோஷம். அடுத்த முறையும் வரவேயில்லை. அதற்கடுத்த முறையும். நான் வீட்டிலிருந்து அவளுக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தேன்.

சிஸ்டருக்கு மட்டும் முகம் சரியில்லை. ஒருநாள் கேட்டார், "எந்த இடத்துல நின்னு நட்டீங்க?"

வரப்போரம் என்றாள். அவர்கள் நடவில் வரப்போரத்து இடம் வயதானவர்களுக்கும் மாசமாக இருப்பவர்களுக்கும். ஏறிக்கொள்ளச் சுலபம். தலைவிக்கு உடம்பு சரியில்லை என்று அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை கேட்டபோது நடவில் இறங்கவில்லை, வரப்பில் நின்று நாற்றுக் கட்டு எடுத்துக் கொடுத்தேன் என்றாள். அதற்கடுத்த முறை, டீ போட்டுக் கொடுத்தேன் என்றாள். எல்லாம் அந்தப் பெண்களின் அன்பு. வெயில் கூடப் படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப பூவத்த விட்டு எங்கயும் போறதில்லையா?" என்றார் சிஸ்டர்.

போவதில்லை என்று ஒத்துக்கொண்டாள். அவர்களுக்கு வேலை பாதி எல்லைக்கு அந்தப் பக்கம். பூவம் காரைக்காலோடு சேர்ந்தது, வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. பெரிய வயலெல்லாம் அங்கேதான். அங்கே விழுந்தால் அந்த ஊர் ஆம்புலன்ஸ் வரும், வேறெங்கோ கொண்டுபோகும், நம் ஆஸ்பத்திரிக்கு வராது, சிஸ்டர் இருக்க மாட்டார் என்று வாய்க்காலோடு நின்றுவிட்டாள். எல்லையில் குடியிருப்பவர்களுக்குத்தான் பயத்துக்குக்கூட மாநிலம் பிரித்துப் பார்க்கத் தோன்றும். தலைவி வராததால் அந்தப் பக்கத்து வேலையை வேறு ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். இன்னொரு நடவு இப்படிப் போனால் அவளுடைய ஆட்கள் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போவார்கள். தலைவி என்று அவளை யார் கூப்பிடுவார்கள்?

"சீக்கு வராததுக்குக் காரணம் மாத்திர மட்டும் இல்ல," என்றார் சிஸ்டர் என்னிடம், அவள் போன பிறகு. "அவங்கதான் அதுக்கு வழி விட்டு ஒதுங்கி ஒதுங்கி அடுப்படிக்கே வந்துட்டாங்க."

நான் அந்த முறுக்கை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தபோது, மடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். மேசையில் கொட்டினாள். எலுமிச்சம்பழம், விபூதிப் பொட்டலம், இஞ்சி மிட்டாய், பிளாஸ்டிக் பையில் சுற்றிய போன், ஒரு சின்ன தண்ணீர் பாட்டில். இதை வைத்துக்கொண்டு எப்படிக் குனிந்து நட்டாள் என்று எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒன்றை எங்களிடம் விட்டுப்போக வேண்டும் என்று சிஸ்டர் ஏற்பாடு செய்தார். விபூதியை மட்டும் அவர் கேட்கவில்லை, நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள், மடியில் வேண்டாம் என்றார். முதலில் எலுமிச்சம்பழம். ஜூஸ் போட்டு மூன்று பேரும் குடித்தோம்.

அப்புறம்தான் கூத்து. அவளுக்குத் தலைசுற்றல் வந்தாலே பயம் பின்னால் வந்துவிடும். அதனால் தலைசுற்றலை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். திரைக்குப் பின்னால் சிஸ்டரும் மலர்க்கொடியும் வரிசையாக நின்று, குனிந்து, சட்டென்று நிமிர்ந்து, மறுபடி குனிந்து கொண்டிருந்தார்கள். சிஸ்டருக்கு நடவு தெரியாது, கும்பிடு போடுவது போல் குனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் வயலில் நின்றவள் நான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் சேர்ந்தேன். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா திரையை விலக்கினார்.

"ஆயாம்மா, இங்க என்ன நாத்து நடறீங்க?"

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையும் சுற்றுகிறது, நெஞ்சும் அடிக்கிறது, சிரிப்பும் வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெஞ்சு அடிக்கும்போது சிரிக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

நடுவில் ஒரு சறுக்கல். நன்றாயிருக்கிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாளில் சந்தையில் வைத்து வந்தது, முன்பை விட மோசமாக. எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அழுதுகொண்டு வந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. மறுபடி மாத்திரையை ஆரம்பித்து, நிறுத்த வேண்டிய காலம் வந்தால் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன் என்றார். குனியத் தெரிந்தது மறந்தா போச்சு என்று சிஸ்டர் கேட்டார். இல்லை என்றாள். அப்படியென்றால் முதலிலிருந்து இல்லை என்றார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வருவார்கள். வாசலில் உங்கள் முகம்தான் முதலில் தெரியும். அந்த முகத்தில், மறுபடியுமா என்று எழுதியிருக்கக் கூடாது.

குறுவை நடவு வந்தது. மலர்க்கொடி சம்மதித்து, சிஸ்டரும் நானும் பூவத்துக்குப் போனோம். பெண்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் திட்டத்தைச் சொன்னார். ஒவ்வொரு வயலிலும் அவளை ஒரு ஆள் இடம் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். வந்தால் ஓடிவராதீர்கள். தூக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கரையேற்றாதீர்கள்.

சரோஜா எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணி செத்துப்போனா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

பெண்கள் சிஸ்டரைப் பார்த்தார்கள். அவள் கேட்டதில் தப்பில்லை. நானும் சிஸ்டர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"டாக்டர் இருதயத்தப் பாத்துட்டாங்க. நல்லா இருக்கு. இது பயம். ஏறும், உச்சிக்குப் போவும், எறங்கும். நீங்க ஒவ்வொரு தடவையும் உச்சியில இருக்கும்போதே தூக்கிக்கிட்டு ஓடறீங்க. அது தானா எறங்கறத உங்க அண்ணி வயல்ல ஒரு தடவை கூடப் பாத்ததில்லம்மா. கரையேத்துனதாலதான் பொழச்சோம்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

சரோஜா மலர்க்கொடியைப் பார்த்தாள். மலர்க்கொடி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "சிஸ்டர் சொல்றபடி செய்ங்கடி," என்றாள். நெடுநாளைக்குப் பிறகு அது தலைவி பேச்சு.

சரோஜா ஒரு நிபந்தனை போட்டாள். அண்ணிக்குப் பக்கத்து இடம் அவளுக்கு வேண்டும். தொடமாட்டேன், ஆனால் பக்கத்தில் நிற்பேன். சிஸ்டர் யோசித்துவிட்டு, சரி, வாயைத் திறந்து என்னாச்சு என்னாச்சு என்று கேட்கக் கூடாது என்றார்.

அப்படியே ஒரு ஆள், ஒரு ஆளாக உள்ளே போனாள். சில வயலில் வந்தது, சில வயலில் வரவில்லை. வந்த நாளில் சந்தோஷமாக வந்து சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. வராத நாளைச் சொன்னால் சிஸ்டர் அவ்வளவு கண்டுகொள்ள மாட்டார். வந்துச்சு சிஸ்டர், எறங்குறத பாத்தேன் என்று சொன்னால்தான் எழுந்து நிற்பார். பக்கத்து அறையில் காத்திருந்தவர்கள், இங்கே நோய் வந்தால் கொண்டாடுகிறார்களே என்று முழித்தார்கள்.

தாளடிக்கு வாய்க்காலைத் தாண்டி வேலை வந்தது. பெரிய வயல். வழக்கமாகக் கொடுக்கும் மிராசுதார்தான், போன தடவை வேறு ஆட்களுக்குப் போன அதே வேலை. இந்தத் தடவை மலர்க்கொடியே போய்ப் பேசி முடித்தாள். பேசி முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்து, "தூங்கவே முடியல" என்றாள். சிஸ்டரையும் என்னையும் வந்து வரப்பில் நிற்கச் சொன்னாள். சிஸ்டர் வர மறுத்தார். நான் நின்றால் நானும் இன்னொரு எலுமிச்சம்பழம் என்றார். ஆனால் அன்றைக்கு விடுப்பு நாள். இரண்டு பேரும் அவளுக்குத் தெரியாமல் போய், தூரத்தில் பம்ப்செட் கொட்டகைக்குப் பின்னால் நின்றோம். சிஸ்டருக்கும் தூக்கம் வரவில்லை என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

நடுவயல். மலர்க்கொடி வரிசையின் நடுவில். பக்கத்தில் சரோஜா. நன்றாகத்தான் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை நிமிர்ந்தவள் நிமிர்ந்தபடியே நின்றாள். எங்கள் தூரத்துக்கே தெரிந்தது. கை நாற்றை இறுக்கிப் பிடித்தது. வரப்பைத் தேடித் தலை திரும்பியது.

பெண்கள் நட்டது நின்றுபோனது. ஒருத்தி ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, மலர் என்று கத்த. சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் கை குளிர்ந்திருந்தது. இத்தனை வருஷ வேலையில் ஓடினதெல்லாம் எனக்குச் சுலபம். நின்றதுதான் கஷ்டம்.

சரோஜா வாயைத் திறந்தாள். என்னாச்சு என்று கேட்கவில்லை. குனிந்து நட்டபடியே, உரக்க, யாரோ ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்துக்குச் சர்க்கரை போட மறந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் கதையை விடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா முதல் வாய் குடித்து என்ன முகம் காட்டினார் என்பது வரைக்கும் சொன்னாள்.

மலர்க்கொடி குனிந்தாள். ஒரு குத்து நாற்று நட்டாள். இன்னொன்று. நாற்று வரிசை தப்பி அங்கேயும் இங்கேயும் விழுந்தது. மூச்சை வெளியே விடும் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் முதுகு இறங்கி ஏறுவது தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு போகம் போன மாதிரி இருந்தது. பிறகு அவள் நிமிர்ந்து, சுற்றிப் பார்த்தாள். எல்லாப் பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்கடி வேடிக்க? கூலி யாரு குடுப்பா? நட்டுக்கிட்டு வாங்க."

யார் முதலில் குலவை போட்டார்கள் என்று தெரியவில்லை. நடவு முடியாமல் குலவை போடும் வழக்கம் கிடையாது. போட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் நானும் போட்டுவிட்டேன். நாங்கள் ஒளிந்திருந்தது அதோடு முடிந்தது.

சாயங்காலம் மிராசுதார் வந்து பார்த்தார். வரிசை எல்லாம் நேராக இருக்க, நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் கோணல்.

"இந்த எடம் மட்டும் என்னம்மா இப்படி?"

"அங்க செத்துப் பொழச்சேன் மாமா. வெளையும் பாருங்க," என்றாள் மலர்க்கொடி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அதற்குள், மேற்கால இன்னும் வயல் இருக்காமே, அதுக்கு ஆள் பேசிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு அது ஒழிந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் வரும். வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்துவிட்டுப் போகும். மாத்திரையை டாக்டரம்மா மெதுவாகக் குறைத்து, அப்புறம் நிறுத்தினார். அவள் ஓ.பி.க்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, உங்களுக்கு விரல் மரத்துப்போவுமா, எனக்குப் போவும் என்று பேச்சுக் கொடுப்பாள். அவளை விரட்டாதீர்கள். அவள் பேசி முடித்தால் உள்ளே சிஸ்டருக்குப் பாதி வேலை குறையும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஒருநாள் கை நிறையப் பைகளோடு வந்தாள். சரோஜா மகளுக்குக் காதுகுத்தாம், துணி எடுக்கக் காரைக்கால் வந்தாளாம். தனியாக.

"பஸ்ஸுலேயே வந்துடுச்சு ஆயாம்மா. நிக்கக்கூட எடமில்ல, நல்ல கூட்டம். எறங்கிடலாமான்னு பாத்தேன். அப்புறம், இதுக்காக இன்னொரு பஸ்ஸுக்கு யாரு நிக்கறதுன்னு அதையும் கூட்டிக்கிட்டே கடைக்குப் போயிட்டேன்."

சிஸ்டர் பையைப் பிரித்துப் பார்த்தார். மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலை.

"அதுக்கு இந்தக் கலர் புடிச்சுதா?"

"அது கெடக்குது," என்றாள் மலர்க்கொடி, சேலையைத் தோளில் போட்டுக் காட்டியபடி. "எனக்குப் புடிச்சுது."